குதிரை காத்த காடு

புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சிக்குப் பஞ்சமில்லை. காட்டைப் பார்த்து வரைந்த படங்கள், வேரைப் பார்த்துச் செய்த சிற்பங்கள் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். உழவர்கரையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்த வயதில் ஏசி அறையும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். ஆனால் காடும் கலையும் சேர்ந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போகச் சொல்வேன்.

அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவில் இருக்கிறது. தேவியர் பூரணை, புஷ்கலையோடு ஐயனார். கோவிலைச் சுற்றிக் கோவில்காடு. காயா, வீரை, பாலை என்று, உச்சி வெயிலிலும் இலை கருத்துக் கிடக்கும் மரங்கள். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை நெடுகிலும் இப்படிப்பட்ட காடுதான். வெட்டி, உழுது, வீடு கட்டியது போக இன்று கோவில்களை ஒட்டித்தான் துண்டு துண்டாக மிச்சம். அந்த மர நிழலில் நேர்த்திக்கடனாக வைத்த குதிரைகள் நிற்கின்றன.

மண் குதிரை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏரி வண்டலோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெற்றிடமாக, தூண்போல. அவை இறுகி எடை தாங்கும் பதம் வந்த பிறகுதான் வயிறு. அதன் மேல் கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் கால் மடங்கிவிடும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். எங்கள் பக்கத்து வில்லியனூர்க் கைகளுக்கு இந்தப் பொறுமை தலைமுறைச் சொத்து. அந்த ஊர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ஓவியம் படிக்கும் என் பேத்தியை ஒருமுறை அந்தக் காட்டுக்கு அழைத்துப் போனேன். காது போன குதிரை, கழுத்தில் செடி முளைத்த குதிரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஏன் தாத்தா, இதையெல்லாம் ஒட்டவும் மாட்டாங்களா, எடுத்துப் போடவும் மாட்டாங்களா?” என்றாள்.

“ரெண்டும் கெடையாதும்மா. வேண்டுதல் பலிச்சவன் புதுசா ஒண்ணு கொண்டாந்து பக்கத்துல வைப்பான். அவ்வளவுதான்.”

சொன்ன பிறகு எனக்கே உறைத்தது. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு இரண்டே கவலை: நம்மைப் புதுசாகக் காட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கட்டிவிடுவார்கள். தலைச்சாயம் முதல் சொத்துச் சண்டை வரை எல்லாம் இதில் அடக்கம். பழசு பழசாகவே வரிசையில் நிற்கலாம், பக்கத்தில் புதுசுக்கும் இடம் உண்டு என்று எந்த வீட்டில் யோசிக்கிறோம்?

காட்டைப் பார்த்துத்தான் கலை பிறக்கிறது என்பார்கள். இங்கே கணக்கு தலைகீழ். ஐயனார் ராத்திரியில் குதிரையேறிக் காவல் சுற்றுகிறார் என்ற நம்பிக்கையும், அவர் காட்டில் கொப்பு ஒடிக்கக் கூடாது என்ற பயமும்தான் இந்த மரங்களை விட்டுவைத்தன. 1968-இல் பக்கத்து ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் செம்மண் பொட்டல். பிறகு அங்கே மண்ணுக்குரிய மரங்களைத் திரும்ப வளர்க்க நினைத்தவர்களுக்கு விதை கிடைத்தது இப்படிப்பட்ட கோவில்காடுகளில்தான். எந்த கேலரிப் படமும் இந்த வேலையைச் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் ஐயனார் குதிரைகளைப் பார்க்கலாம். நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அவை யாருக்கும் காவல் இல்லை.

என் மனத்தாங்கல் சிமென்ட் குதிரைகள்மேல்தான். இப்போது பல ஊர்களில் ஐயனாருக்குக் கம்பி கட்டி, சிமென்ட் பூசி, எனாமல் பெயின்ட் அடித்த குதிரைகள் வந்துவிட்டன. ரொம்ப நாள் நிற்கும் என்கிறார்கள். நிற்கட்டும். ஆனால் அடுத்த குதிரைக்கு ஆர்டர் இல்லாத குயவர் மகன் சக்கரத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போய்விடுகிறான். ஐயனாருக்கு வேண்டிக்கொள்கிறவர்கள், சிமென்ட் குதிரைக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மண் குதிரைக்கும் விலை கேட்டுப் பார்க்கலாம்.