பிப்ரவரி 1 அன்று நாம் படிக்காத பக்கங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கும்போது படியுங்கள்.

பிப்ரவரி 1 என்றால் மத்திய பட்ஜெட். என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். வருமான வரி வரம்பு என்ன, மூத்த குடிமக்களுக்கு ஏதாவது உண்டா, தங்கம் ஏறுமா இறங்குமா. இவ்வளவுதான் எங்கள் கவலை. அது தெரிந்ததும் சேனலை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். 2024 ஆகஸ்ட் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னை மாற்றியவள் என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், அவளுக்குச் சங்கடம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். பிளஸ் டூவில் என்னிடம் வேதியியல் படித்தாள். உப்புப் பகுப்பாய்வில் அவள் கைக்கு அப்படி ஒரு நிதானம். பிறகு எம்.எஸ்.சி. முடித்து, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தாள். சாயப்பட்டறைக் கழிவு நீரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுக்கும் பொருள் ஒன்றைப் பற்றி ஆய்வு. நம் ஊர்ப் பக்கத்து ஆறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வு எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2024 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தாள். காபி குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சார், பிஎச்.டி.ய விட்டுரலாம்னு இருக்கேன். ஹைதராபாத்ல ஒரு மருந்துக் கம்பெனில க்வாலிட்டி கன்ட்ரோல் வேலை இருக்கு. போகட்டுமா?" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "மூணு வருஷம் பாடுபட்டு இப்ப விடுறேங்குற?" என்று சத்தம் போட்டேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "ஏழு மாசமா ஸ்டைபண்ட் வரல சார். கைடு அவர் கையிலிருந்து மாசம் எட்டாயிரம் கொடுக்கிறாரு. அவருக்கும் பிள்ளைங்க இருக்கு. எத்தனை நாளைக்கு வாங்குறது?"

காகிதத்தில் அவளுடைய உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியிலிருந்து 31,000-லிருந்து 37,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது நானே இந்தப் பக்கத்தில் வாழ்த்திப் பதிவு போட்டிருந்தேன். உயர்த்திய தொகை கைக்கு எந்த மாதம் வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏன் வரவில்லை? அவள் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். மத்திய அமைப்பு ஒன்று அவளுடைய கைடுக்கு மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை ஒதுக்கியது. சம்பளம், வேதிப்பொருள், கருவி எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் வருடப் பணம் வந்து சேர்ந்தது டிசம்பரில். நிதியாண்டு முடிவது மார்ச் 31. டெண்டர், கொட்டேஷன், கமிட்டி என்று போனதில் மார்ச்சுக்குள் பாதிப் பணத்தைக்கூடச் செலவழிக்க முடியவில்லை. செலவழித்ததற்கு யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் அந்த வேலைக்கு ஒரே ஒருவர். அவர் மேசையில் எத்தனையோ துறைகளின் கோப்புகள். தணிக்கை முடிந்து யு.சி. போய்ச் சேர்வதற்குள் அடுத்த ஆண்டே பாதி ஓடிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு ஏழு மாதம் சம்பளம் இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பள்ளி ஆய்வகம் ஞாபகம் வந்தது. அங்கும் மார்ச் கடைசியில்தான் பணம் வரும். "31-க்குள்ள செலவழிச்சு பில் கொடுங்க, இல்லன்னா திரும்பிப் போயிரும்" என்பார்கள். அவசரத்தில் கடைக்காரரிடம் எது கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்குவோம். அலமாரி நிறைய சோதனைக் குழாய் இருக்கும், சில்வர் நைட்ரேட் இருக்காது. குளோரைடுக்குத் தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு வருவதைக் காட்ட, வகுப்புக்கே நான் ஒருவனே இரண்டு சொட்டு விட்டுக் காட்டிய வருடங்கள் உண்டு. பணம் இருந்தது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் பட்ஜெட் காகிதங்களைத் தேடிப் படிக்க வைத்தது. "சார், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பட்ஜெட்ல லேப் கெமிக்கலுக்கு 150 பெர்சென்ட் வரி போட்டாங்களே, பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டை முழுக்கக் கேட்டவன் நான். நிதியமைச்சர் உரையில் கேட்ட ஞாபகமே இல்லை. உரைக்குப் பின்னால் இணைக்கப்படும் சுங்க வரி அட்டவணைகளில் அது ஒரு வரி. இறக்குமதியாகும் ஆய்வக வேதிப்பொருட்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதம். 5,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பாட்டிலுக்கு 500 ரூபாய் வரி கட்டிய இடத்தில் இனி 7,500 ரூபாய். பொருளைவிட வரி ஒன்றரை மடங்கு.

சொல்லப்பட்ட காரணம், ஆய்வக வேதிப்பொருள் என்ற பெயரில் சிலர் எத்தில் ஆல்கஹாலை இறக்குமதி செய்து வரி ஏய்க்கிறார்கள் என்பது. இருக்கலாம். ஆனால் எலிக்கு வைத்த பொறியில் வீட்டுக் கோழி மாட்டிக்கொண்டது. நாடு முழுவதும் விஞ்ஞானிகள் எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி அறிவிக்கை வந்தது. ஆய்வகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு என்ற நிபந்தனையோடு, வரி மறுபடி 10 சதவீதம். ஒன்பது நாளில் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லலாம். "விலை எப்படிப் போகும்னு தெரியாம டீலருங்க கொட்டேஷன் கொடுக்கவே பயந்துட்டாங்க சார். எங்க சால்வென்ட் வரவே இல்ல" என்றாள் அவள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாளிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். அதிலிருந்து நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இது 2020-21 கணக்கு. நூறு ரூபாயில் 64 காசு. சீனா 2 ரூபாய்க்கு மேல், தென்கொரியா 4 ரூபாய்க்கு மேல். நம் 64 காசிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 9 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது ஆறு காசுகூட இல்லை. அந்த ஆறு காசுக்குள்தான் ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி எல்லாம்.

இரண்டு. பணம் ஒதுக்கினால் போதாது, அதைச் செலவழிக்கச் சட்டப்படி ஓர் அமைப்பு வேண்டும். 2023-இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்தி. உள்ளே படித்தால், அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற வெளி மூலங்களிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பு. 2023-24 பட்ஜெட்டில் இதற்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024 பிப்ரவரி 5. அப்போது நிதியாண்டு முடிய இரண்டு மாதம்கூட இல்லை. அந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் 2,000 கோடி 260 கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது. பட்ஜெட் நாளில் கைதட்டு வாங்குவது முதல் எண். ஆய்வகத்துக்கு வந்து சேர்வது இரண்டாவது எண். இரண்டாவதை அடுத்த வருடம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று. மானியத்தைத் தொடாமலே குறைக்க முடியும். பொது நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதச் சலுகை ஜிஎஸ்டி இருந்தது. 2022 ஜூலையில் அந்தச் சலுகை போனது. பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். 5 சதவீதம் என்று கணக்குப் போட்டு மானியம் வாங்கியவர் கருவி வாங்கப் போகும்போது துண்டு விழுந்தது. 2024-இல் இன்னொரு படி மேலே போய், ஆராய்ச்சி மானியத்துக்கே 18 சதவீதம் வரி கட்டு என்று சில கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. அரசு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கேட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2024 செப்டம்பர் 9 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி மையங்களின் மானியத்துக்கு விலக்குப் பரிந்துரைத்தது.

நான்கு. இது மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது, நம் பிள்ளைகளைப் பற்றியது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. அதிகாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பணத்துக்கு வந்தால் இரண்டு பக்கமும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். நாட்டில் உயர்கல்வி படிப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ்தான் படிக்கிறார்கள் என்று 2025-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. மாநில அரசு தரும் நிதியில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போய்விடுகிறது. பென்ஷன் வாங்கும் நானே இதைச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கு மத்திய அமைப்புகளிடம்தான் கையேந்த வேண்டும். அங்கே நல்ல கருவியும் நல்ல ஆபீஸும் உள்ள பெரிய நிறுவனத்தோடு, ஒரே ஒரு கணக்கர் உள்ள பல்கலைக்கழகம் போட்டி போட வேண்டும்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் ஆராய்ச்சிக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆனது. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஒதுக்காமல் ஆய்வகங்களுக்குச் செய்த பெரிய உதவி அது. ஒரு விதியின் ஒரு வரியை மாற்றினால் இவ்வளவு நடக்கும் என்றால், அந்த வரிகளை நாம் படிக்க வேண்டாமா?

என் மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அன்றைக்கு நான் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. மாதாமாதம் முதல் தேதி பென்ஷன் வாங்குகிறவன், ஏழு மாதம் சம்பளம் இல்லாதவளிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசக் கூடாது. "டிசம்பர் வரைக்கும் பார். அதுவரைக்கும் எட்டாயிரத்தை நான் தாரேன், கைடுகிட்ட வாங்காத" என்றேன். அழுதாள். வாங்க மாட்டேன் என்றாள். என் வீட்டுக்காரி ஒரு அதட்டுப் போட்ட பிறகு வாங்கிக்கொண்டாள்.

நவம்பரில் நிலுவை மொத்தமாக வந்தது. முதல் வேலையாகப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஹைதராபாத் போகவில்லை. இப்போது தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்து மேசையில் இருந்த பையன் அந்த அக்டோபரிலேயே போய்விட்டான். இரண்டு வருட நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றனவாம். தொடர்ந்து செய்ய ஆள் இல்லை. அவன் கணக்கு எந்தப் பட்ஜெட் காகிதத்திலும் வராது.

பட்ஜெட் நாளில் ஒன்று செய்யுங்கள். வரி வரம்பைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பட்ஜெட் ஆவணங்கள் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடும். கல்வி அமைச்சகம், அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் இரண்டின் மானியக் கோரிக்கைகளைத் திறந்து பாருங்கள். போன வருடம் சொன்னது எவ்வளவு, திருத்தியது எவ்வளவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பத்து நிமிஷ வேலை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த 150 சதவீதம் ஒன்பது நாளில் இறங்கியது யாரோ ஒருவர் அந்த ஒரு வரியைப் படித்ததால்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆய்வு மாணவர்கள் இருந்தால், ஸ்டைபண்ட் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுப் பார்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். எத்தனை மாத நிலுவை என்று மட்டும் போடுங்கள். நான் கூட்டிப் பார்க்கிறேன்.