இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் ஆனைமுடி

கொச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை விமானத்தில் சன்னலோர இருக்கை கேட்பவர்கள் அதிகம். எந்தப் பக்கத்துச் சன்னல் என்று யோசிப்பவர்கள் குறைவு. யோசிக்கத்தான் வேண்டும்.

நெடும்பாசேரியிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது வடகிழக்காகக் கிளம்பி, பரம்பிக்குளம் காட்டைக் கடந்து, பொள்ளாச்சிப் பக்கம் போகிறது. விமானம் அந்தக் கோட்டின் மேலேயே போகாது, கொஞ்சம் அப்படி இப்படி விலகும். ஆனாலும் எது எந்தப் பக்கம் என்பது அநேகமாக மாறுவதில்லை. வலப்பக்கம் ஆனைமலைத் தொடர், அதன் பின்னால் இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகள், அவற்றின் நடுவே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. இமயத்துக்குத் தெற்கே இதைவிட உயரமான சிகரம் கிடையாது. இடப்பக்கம் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளி. அந்தச் சமவெளியில், தமிழக எல்லையை ஒட்டி, எருத்தேன்பதி.

முதல் முறை போனபோது நான் வலப்பக்கம் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே ஊரைத் தவறவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அப்பா கேட்டது ஒன்றுதான். "மேலருந்து பாத்தியே, ஆத்துல தண்ணி இருந்துச்சா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வரும். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரமோ மழை மறைவுப் பகுதி. வீட்டில் தமிழ், அரசாங்கத் தாளில் மலையாளம், வயலில் பனையும் தென்னையும் நிலக்கடலையும். மேலிருந்து பார்த்தால் மாநில எல்லை தெரியாது. ஆனால் பாலக்காட்டு நெல்வயலின் பச்சை கிழக்கே வர வரச் செம்மண் நிறமாக வெளிறுவது தெரியும்.

இங்கே பாசனத்துக்கு நம்பியிருப்பது சித்தூர்ப்புழையை. அதற்கு ஆழியாற்றுத் தண்ணீர் வந்தாக வேண்டும். 1970 மே 29இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பகுதிக்காக மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழகம். இரு மாநிலமும் மாறி மாறிக் கணக்குக் கேட்கும்.

அந்தப் பரம்பிக்குளம் நீர்த்தேக்கம் நம் நேர்கோட்டுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, சற்றே வலப்பக்கமாக வருகிறது. நீரைச் சுற்றிக் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு காவிப் பட்டை தெரியும். பட்டை அகலமாக இருந்தால் அணை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எருத்தேன்பதியின் கோடை எப்படி இருக்கும் என்பதை ஊரைப் பார்த்துச் சொல்வதைவிட இதைப் பார்த்துச் சொல்வது சுலபம். இதை நான் கண்டுகொள்ள நாலைந்து பயணம் ஆயிற்று.

இனி நடைமுறை விஷயம். பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள விமானங்களில் 'ஏ' இடது ஓரம், 'எஃப்' வலது ஓரம். இறக்கைக்கு முன்னால், முதல் ஏழெட்டு வரிசைக்குள் கிடைத்தால் நல்லது. நடுவில் உட்கார்ந்தால் இறக்கையைத்தான் பார்க்கலாம். ஏ.டி.ஆர். ரக விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால் இந்தக் கவலை குறைவு. காலையில் வலப்பக்கம் சூரியன் கண்ணில் அடிக்கும், இடப்பக்கம் நிழல். ஜனவரி, பிப்ரவரி உத்தமம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் மேகம்தான். கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் காட்சி வந்துவிடும், அதற்குள் செய்தித்தாளை விரிக்க வேண்டாம். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்: மலை இடது, ஊர் வலது.

விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. பொள்ளாச்சி–பாலக்காடு பாதை அகலப்பாதையாகி 2015இல் மறுபடி திறந்தது. பொள்ளாச்சியில் ஏறினால் இடப்பக்கச் சன்னல். மீனாட்சிபுரம், முதலமடை தாண்டிக் கொல்லங்கோடு வரை நெல்லியாம்பதி மலை கூடவே வரும், மழைக்காலமானால் அருவிக் கோடுகளோடு. எருத்தேன்பதி இருப்பது வலப்பக்கம், சில மைல் உள்ளே. அப்பா எப்போதும் வலப்பக்கமே உட்காருவார். பாலம் வந்தால் மட்டும் எழுந்து இரண்டு பக்கமும் பார்ப்பார்.