பதினைந்து என்ற இலக்கம்

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எனது தங்கையின் குடும்பம் விடுமுறைக்காக லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தது. தங்கையின் கணவருக்கு இரண்டு வார விடுமுறையே கிடைத்தது. அவர் முன்னதாகவே திரும்பிவிட்டார். தங்கையும் மகளும் மேலும் மூன்று வாரங்கள் வெள்ளவத்தையில் எமது வீட்டில் தங்கினர். மருமகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியும்.

ஒருநாள் பிற்பகல் மழை. வெளியே போக முடியாத அவள் எனது புத்தக அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவள் ஒரு டி.வி.டி. உறையுடன் என் மேசைக்கு அருகே வந்து நின்றாள்.

“மாமா, இது எங்கட ஆக்களின்ர படமோ?”

அது ‘தீபன்’. லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்னர் அனுப்பிவைத்தது. உறையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் 15 என்ற இலக்கம் இருந்தது. அவளும் அதனைக் கண்டிருந்தாள். “எனக்குப் பன்னிரண்டுதான். ஆனா நீங்கள் ஓமெண்டால் பாக்கலாம்தானே?” என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். எதனைப் பிரசுரிக்கலாம், எதனைப் பிரசுரிக்கக்கூடாது என்று நாள்தோறும் முடிவெடுத்தவன். எனினும் அந்தக் கேள்விக்கு உடனடியாக என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “நாளைக்குச் சொல்லுறன்” என்று தப்பித்துக்கொண்டேன்.

திரைப்படங்களுக்கு வயது குறிக்கும் வழக்கம் பழையது. பிரித்தானியாவின் தணிக்கைச் சபை 1912 ஆம் ஆண்டில் உருவானது. இந்தியாவில் 1952 ஆம் ஆண்டின் சட்டம் எல்லோருக்குமான படம், வயது வந்தோருக்கான படம் என இரண்டாகப் பிரித்தது. பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கத்தக்கவை என்ற நடுப்பிரிவு 1983 இல்தான் வந்தது. இப்போது அந்த நடுப்பிரிவையும் ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுவாரியாக வகுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1968 இல் தொடங்கிய முறை வேறுவிதமானது. ‘தீபன்’ படத்துக்கு அங்கே ‘ஆர்’ என்ற எழுத்து வழங்கப்பட்டது. அதன்படி பதினேழு வயதுக்குக் குறைந்தவர் பெற்றோருடன் சென்றால் திரையரங்கில் அதனைப் பார்க்கலாம். பிரித்தானியாவிலோ 15 என்று குறிக்கப்பட்டால் பெற்றோர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் திரையரங்கில் அனுமதி இல்லை. டி.வி.டி.யை அந்தப் பிள்ளைக்கு விற்பதும் குற்றம். ஆனால் வீட்டின் கதவுக்கு உள்ளே அந்தச் சட்டம் வருவதில்லை. அங்கே முடிவெடுக்க வேண்டியவர் தாயும் தந்தையும். அன்றைய தினம், துரதிர்ஷ்டவசமாக, மாமனும்.

எனது பதின்ம வயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களிலும் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற பலகை தொங்கியதுண்டு. நாங்கள் மூன்று நண்பர்கள், மூத்தவர்களின் சாரங்களைக் கட்டிக்கொண்டு, மேலுதட்டில் அரும்பத் தொடங்கியிருந்த மயிரைக் கண் மையால் சற்றுக் கறுப்பாக்கிக்கொண்டு, கலரிக்கு ரிக்கற் எடுத்து ஒரு படத்துக்குப் போனோம். ரிக்கற் கிழித்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். படத்தின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. நாங்கள் எதிர்பார்த்துப் போனது எதுவும் அந்தப் படத்தில் இருக்கவும் இல்லை.

நினைவில் இருப்பது வேறு ஒன்று. அதற்கு ஓரிரு வருடங்களின் பின்னர், ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் வழியில், சந்தியிலிருந்த மின்கம்பம் ஒன்றில் ஒரு மனிதர் கட்டப்பட்டிருந்தார். உயிர் இல்லை. கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். என்னோடு வந்த சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். அவனும் வாசித்தான். அந்தக் காட்சிக்கு எவரும் வயது குறிக்கவில்லை. வாசலில் நின்று எங்களைத் திருப்பி அனுப்பவும் ஒருவர் இருக்கவில்லை. அன்று நாங்கள் ரியூசனுக்குப் போய்க் கணக்கும் செய்தோம்.

ஆகவே ‘நாங்கள் பார்க்காததையா இந்தப் பிள்ளைகள் பார்த்துவிடப்போகிறார்கள்’ என்ற வாதம் எனக்கும் பழக்கமானதே. எமது தலைமுறையில் பலர் அதனை ஒருவகைப் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் அது பிழையான வாதம் என்பதே எனது கருத்து. அந்த மின்கம்பத்தை நான் இன்னமும் கனவில் காண்கிறேன். எனக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கும் நேரலாம் என்பதற்கு அது ஒருபோதும் காரணமாகாது.

அன்று இரவு எல்லோரும் உறங்கிய பின்னர், மடிக்கணினியில் ‘தீபன்’ படத்தை மீண்டும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம். பழைய தொழிற்புத்தி.

பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியார் எடுத்த இந்தப் படம் 2015 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி பிரதான பாத்திரத்தில் நடித்தார். இறுதி யுத்தத்தில் தோற்ற ஒரு போராளி, ஓர் இளம்பெண், பெற்றோரை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி ஆகிய மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் கணவன், மனைவி, மகள் என நடித்துக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார்கள். பாரிசின் புறநகரில் போதைப்பொருள் கும்பல்கள் ஆட்சி செய்யும் குடியிருப்பு ஒன்றில் அவனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது. தப்பிவந்த இடத்திலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது.

நான் எழுதிய குறிப்புகள் இவை. தொடக்கத்திலேயே சடலங்கள் எரிக்கப்படும் காட்சி. இடையில் சிறிது நேரம் வரும் பாலுறவுக் காட்சி. இறுதிப் பகுதியில் குரூரமான வன்முறை. இவற்றை எழுதி முடித்தபோது ஒன்று புரிந்தது. இவற்றில் எதுவும் எனது தயக்கத்துக்கு உண்மையான காரணம் அல்ல. அந்த இடங்களில் படத்தை வேகமாக ஓட்டிவிடலாம். பெற்றோர் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓட்டிவிட முடியாத இடம் வேறு. படத்தின் பிற்பகுதியில் தீபன் குடியிருப்பின் முற்றத்தில் நிலத்தில் ஒரு வெள்ளைக் கோடு கீறுகிறான். இது சூடு நடத்தக்கூடாத வலயம் என்று அறிவிக்கிறான். அந்தக் கோட்டில் இரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. எந்தத் தணிக்கைச் சபையும் அதற்காக ஒரு வயதைக் கூட்டியிருக்காது. ஆனால் 2009 இல் வன்னியில் என்ன நடந்தது என்பதை அறிந்த எவருக்கும் அந்தக் கோடு என்னவென்று தெரியும். அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்கு மக்கள் போனார்கள். அங்கேயும் எறிகணைகள் விழுந்தன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையும் அதனைப் பதிவுசெய்திருக்கிறது.

தங்கையின் கணவருடைய தம்பி அவ்வாறான ஒரு வலயத்துக்குள்தான் இறந்தான். அவன் போராளி அல்லன். தாயையும் அயல்வீட்டு முதியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்துகொண்டிருந்த பையன். தாய் தப்பினார். லண்டனில் அவர்களின் வீட்டில் அவனுடைய படம் மாட்டப்பட்டிருக்கிறது. ‘சித்தப்பா எப்பிடிச் செத்தவர்?’ என்று மருமகள் சிறுவயதில் கேட்டபோது, காய்ச்சல் வந்து என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் பிறகு திருத்தப்படவே இல்லை.

இந்தப் படத்தை அவள் பார்த்தால் அந்தக் கோட்டைப் பற்றி நிச்சயம் கேட்பாள். கேட்காமல் விடுகிற பிள்ளை அல்ல அவள். நான் அதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால், அவளது தகப்பன் சொல்லவேண்டிய ஒன்றை நான் திருடிச் சொன்னவனாவேன். பொய் சொன்னால், அந்தக் காய்ச்சலுக்கு நானும் சாட்சி கையெழுத்துப் போட்டவனாவேன்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் ஆசிரியபீடத்தில் இரவுக் கடமையில் இருந்தேன். மின்னஞ்சலில் படங்கள் வந்தவண்ணம் இருந்தன. முதற்பக்கத்தில் எதனைப் போடுவது என்று ஒவ்வோர் இரவும் வாக்குவாதம் நடக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து பத்திரிகையை எடுத்துவருவது பெரும்பாலும் பிள்ளைகளே என்பது எங்களுக்குத் தெரியும். அதனைக் காரணம் காட்டிப் பல படங்களை ஒதுக்கினோம். உண்மையில் நாங்கள் பயந்தது பிள்ளைகளை நினைத்து மட்டும் அல்ல என்பதை இப்போது எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ‘பிள்ளைகளுக்கு ஆகாது’ என்பது பெரியவர்கள் தங்கள் அச்சத்தை மூடிக்கொள்ள வசதியான ஒரு போர்வை.

இந்த நாட்டில் பெரியவர்களையே பிள்ளைகளாக நடத்திய சந்தர்ப்பங்களும் உண்டு. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 2000 ஆம் ஆண்டில் தடுத்து நிறுத்தப்பட்டது. படைவீரனான மகனின் உடல் என்று முத்திரையிட்டு அனுப்பப்பட்ட பெட்டியைத் தோண்டிப் பார்க்க முனையும் பார்வையற்ற தந்தை ஒருவரின் கதை அது. யுத்தம் நடக்கும் காலத்தில் மக்கள் பார்ப்பதற்கு ஏற்றதல்ல என்பதே தடுத்தவர்களின் நியாயம். உச்ச நீதிமன்றம் 2001 இல் தலையிட்ட பின்னரே படம் திரைக்கு வந்தது. அந்தத் தடைக்கு எதிராக நானும் எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்று எழுதினேன். இருபத்துச் சொச்ச வருடங்களின் பின்னர் எனது சொந்தக் குடும்பத்திலேயே ஒரு பெட்டி மூடியபடி இருந்தது.

மறுநாள் காலை தங்கையிடம் விடயத்தைச் சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “வேண்டாம் அண்ணா. அவள் சின்னப்பிள்ளை.” பின்னர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரிட்டைக் கேட்டுப்பாருங்கோ” என்றாள்.

அன்று இரவு லண்டனுக்கு அழைப்பெடுத்தேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் நீண்ட மௌனம். அழைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

“மச்சான், படத்தை இப்ப காட்டாதேங்கோ” என்றார் அவர். “முதல் நான் கதைக்கவேணும். என்ர வாயால கேட்காமல் அவள் அதைப் படத்தில பாக்கக்கூடாது.”

நான் மருமகளிடம் திரும்பி வந்து, காரணம் எதையும் புனையாமல், “இப்ப வேண்டாமெண்டு அப்பா சொல்லுறார். ஏனெண்டு அவரே உமக்குச் சொல்லுவார்” என்றேன். அவள் முகம் சுருங்கியது. “எல்லாரும் இப்பிடித்தான். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் பிறகு, பிறகு” என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இருக்கவில்லை.

ஒரு படம் பிள்ளைக்குப் பொருத்தமானதா என்று பார்க்கும்போது, அதில் எத்தனை முத்தம், எத்தனை கொலை என்று எண்ணுவது எளிது. தணிக்கைச் சபைகள் அந்த வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்கின்றன. அந்த இலக்கத்தை நான் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டின் சுவரில் யாருடைய படம் தொங்குகிறது என்பது சபைக்குத் தெரியாது. லண்டனில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது தூரத்து நாடு ஒன்றிலிருந்து வந்த அகதிகளின் கதை. இவளுக்கு அது சித்தப்பாவின் கதை. படம் முடிந்து வெளிச்சம் வந்த பின்னர் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத்தக்கவர் பக்கத்தில் இருக்கிறாரா, அவர் பதில் சொல்லத் தயாராக இருக்கிறாரா என்பதையே நான் இப்போது முதலில் பார்ப்பேன். அவர் தயாராக இல்லையென்றால், வயதில் குறை இருப்பது பிள்ளைக்கு அல்ல.

அவர்கள் ஊர் திரும்பினர். டி.வி.டி.யைப் பழைய இடத்திலேயே வைத்தேன். மாதங்கள் போயின. ‘கதைத்தீர்களா’ என்று நான் கேட்கவில்லை.

2025 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் தங்கை அழைத்தாள். முதல்நாள் பொங்கிப் படைத்த பின்னர், தம்பியின் படத்துக்கு முன்னால் மகளை அருகில் இருத்தி அவர் எல்லாவற்றையும் சொன்னாராம். இடையில் அவரால் தொடர முடியவில்லையாம். மருமகள் அழவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: “அப்ப சித்தப்பாவுக்கு எத்தினை வயசு?”

இருபத்தொன்று.

பின்னர் தொலைபேசி அவளிடம் போனது. பள்ளிக்கூடம், குளிர், புதிதாகத் தொடங்கிய வயலின் வகுப்பு என்று வழமைபோலப் பேசிக்கொண்டிருந்தாள். வைக்கும் தறுவாயில் சொன்னாள்:

“மாமா, அந்தப் படத்தை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ. பதினைஞ்சு வந்தாப்பிறகு அப்பாவோட இருந்து பாக்கிறன்.”

வைத்திருக்கிறேன்.