ஒளியைச் சிந்தாத கைகள்

ஜெர்மனியில் ஹன்னோவர் நகரத்துக்குத் தெற்கே, ரூத்தே என்ற சிற்றூரின் வயல்களுக்கு நடுவே, 600 மீட்டர் நீளமுள்ள இரண்டு எஃகுக் குழாய்கள் ஏறக்குறையச் செங்கோணமாகப் பிரிந்து ஓடுகின்றன. ஜியோ 600 என்னும் அந்த யந்திரம் ஈர்ப்பலைகளைத் தேடுவதற்காக எழுப்பப்பட்டது என்பதை முன்பே படித்திருந்தும், அதன் கூர்மை எவர் கைகளில் இருக்கிறது என்பதை அங்கே போய்ப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

குழாய்களின் கோடியில் தொங்கும் கண்ணாடிகள் அணுக்கருவின் பருமனைவிடப் பன்மடங்கு சிறிய தூரம் அசைந்தாலும், சென்று திரும்பும் லேசர் ஒளி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒளியோ துகள் துகளாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேர்வதால் அளவீட்டிலேயே ஓர் இரைச்சல் பிறந்துவிடுகிறது. யந்திரத்தின் இருண்ட வாயில் வழியே நுழையும் வெற்றிடத்தின் சலனமே இதற்கு மூலம் என்றும், அச்சலனத்தை ஒரு பக்கம் ஒடுக்கி மறுபக்கம் பெருகவிட்டால் இரைச்சல் தணியும் என்றும் கார்ல்டன் கேவ்ஸ் 1981-ல் எழுதினார். நிச்சயமின்மையை ஒழிக்க இயலாது, ஆயினும் நமக்குத் தீங்கு செய்யாத திசையில் அதை ஒதுக்கிவைக்கலாம் என்ற இந்த எண்ணத்தைப் போல் என் மனத்தைக் கவர்ந்தது பௌதிக சாஸ்திரத்தில் வேறில்லை.

பச்சை லேசரை ஒரு படிகத்துக்குள் செலுத்தி, அவ்வாறு ஒடுக்கிய ஒளியை 2010 முதல் ரூத்தேயில் பிரயோகிக்கிறார்கள். அதை உண்டாக்குவதைக் காட்டிலும் காப்பாற்றுவதுதான் பிரயாசை. வழியில் ஒரு வில்லையோ கண்ணாடியோ சிறிது ஒளியை விழுங்கினால், பாலில் நீர் சேர்வது போல், இழந்த அளவுக்குச் சாதாரண வெற்றிடம் வந்து கலந்துவிடுகிறது; மொத்த இழப்பு நூற்றுக்கு 25-ஐ எட்டுமானால், படிகம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இரைச்சலைப் பாதியாக்க முடியாது.

தூசி புகாத அறையில், தலை முதல் கால் வரை வெள்ளுடை அணிந்த ஒரு பெண்மணி, திரையில் ஏறி இறங்கும் ஒரு கோட்டின்மீது கண் வைத்தபடி, கண்ணாடியைத் தாங்கும் திருகைத் தொட்டும் தொடாமலும் திருப்பிக்கொண்டிருந்தார். கோடு சற்றே தாழ்ந்தது. அவர் விரலை எடுத்துவிட்டு, அது அங்கேயே நிலைக்கிறதா என்று நெடுநேரம் காத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் வித்வத்துக்குக் குறைந்ததாக மதிக்கமாட்டேன். தொடக்கத்தில் 3.5 டெசிபெல்லாக இருந்த ஒடுக்கம் 6 டெசிபெல்லாக உயர்ந்த செய்தி 2021-ல்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் பெரும்பாலும் இத்தகைய சிறு இழப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக் குறைப்பதில் கழிந்தது.

ஒதுக்கிவைத்த நிச்சயமின்மையும் சும்மா இருப்பதில்லை. ஒளியின் வலிமையில் ஏற்படும் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணாடிகளைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் இதேபோல் ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ யந்திரங்களின் 40 கிலோ கண்ணாடிகள்கூட அந்தத் தள்ளலுக்குத் தப்புவதில்லை. ஆகவே மெதுவான அதிர்வுகளுக்கு ஒரு விதமாகவும் வேகமானவற்றுக்கு வேறு விதமாகவும் ஒடுக்கத்தைத் திருப்புவதற்கென்று, 2023-ல் தொடங்கிய அவதானிப்பில் 300 மீட்டர் நீளமுள்ள தனிக் குழாய்களை அங்கே இணைத்தார்கள். அக்குழாய்க்குள் ஒளி ஆயிரக்கணக்கான முறை போய்வருவதால், கண்ணாடியில் படிந்த ஒரு மாசு அத்தனை முறையும் ஒளியைப் பறிக்கிறது.