ஆர்என்ஏ செய்கிறதா, அதை எழுதும் வேலை செய்கிறதா?

பெண் எலியின் செல்லில் எக்ஸிஸ்ட் ஆர்என்ஏவைப் பார்க்க நினைக்கும் ஆய்வாளர் மேசையில் கை வைக்கும் முன் புதுக் கையுறை மாட்டிக்கொள்கிறார். மனிதத் தோலிலேயே ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஒரு விரல் பட்டால் போதும், இரண்டு நாள் வேலை வீண். கண்ணாடித் தகட்டில் வளர்ந்த செல்களை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து நிலைப்படுத்துகிறார். எக்ஸிஸ்ட்டோடு மட்டும் பிணையக்கூடிய, ஒளிரும் சாயம் ஏற்றிய துண்டுகளைச் சேர்த்து, இரவு முழுக்க 37 டிகிரி வெப்பத்தில் விடுகிறார். மறுநாள் நுண்ணோக்கியில், நீல உட்கருவின் ஓரமாக ஒரு சிவப்புத் திட்டு. ஒரு முழு எக்ஸ் குரோமோசோமை ஆர்என்ஏ போர்த்திக்கொண்டிருக்கிறது.

அந்தத் திட்டை அவர் உடனே நம்புவதில்லை. ஆர்என்ஏவை அழிக்கும் நொதியில் நனைத்த இன்னொரு தகட்டில் அது மறைந்தாக வேண்டும். மறையாவிட்டால் சாயம் டிஎன்ஏவில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஆண் எலியின் செல்லில் அது தெரியவே கூடாது. இந்த இரண்டு தகடுகளும் இல்லாத படத்தை அனுபவமுள்ளவர்கள் ஏற்பதில்லை.

200 எழுத்துகளுக்கு மேல் நீண்டு, புரதம் எதையும் உண்டாக்காத ஆர்என்ஏக்களை ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். அவற்றுள் மிக நன்றாக ஆராயப்பட்டது எக்ஸிஸ்ட். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போகிறது என்று மேரி லயன் 1961இல் முன்வைத்தார். அடங்கிய எக்ஸிலிருந்து மட்டும் வெளிப்படும் எக்ஸிஸ்ட் மரபணு 1991இல் அகப்பட்டது. மனிதரில் அந்த ஆர்என்ஏவின் நீளம் சுமார் 17,000 எழுத்துகள். 1996இல் எலிச் செல்லின் ஒரு எக்ஸிலிருந்து இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, அந்த எக்ஸ் அடங்கவே இல்லை.

2002இல் வந்த பரிசோதனை இன்னும் நுட்பமானது. ஆர்என்ஏவின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டினார்கள். மிச்சமிருந்த ஆர்என்ஏ வழக்கம்போலக் குரோமோசோமைப் போர்த்தியது, மரபணுக்களோ ஓயவில்லை. போர்த்துவது ஒரு பகுதியின் வேலை, அடக்குவது வேறொரு பகுதியின் வேலை. அடக்கும் பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஸ்பென் என்ற புரதத்தை 2015இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

எக்ஸிஸ்ட்டில் கற்ற பாடத்தை எல்லா நீண்ட ஆர்என்ஏக்களுக்கும் பொருத்தினால் சறுக்கும். தந்தை வழிக் குரோமோசோமில் எழுதப்படும் ஏர்ன் என்ற எலி ஆர்என்ஏ, அண்டையிலுள்ள ஐஜிஎஃப்2ஆர் மரபணுவை அடக்குகிறது. டெனிஸ் பார்லோவின் குழு 2002இல் ஏர்னைத் தொடக்கத்திலேயே நிறுத்திக் குட்டையாக்கியது, அடக்கம் நின்றது. ஆர்என்ஏ அவசியம் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் அதோடு விடவில்லை. ஏர்னை வெவ்வேறு நீளங்களில் நிறுத்திப் பார்த்து 2012இல் வெளியிட்ட முடிவு வேறு: டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவை எழுதும் செயல் ஐஜிஎஃப்2ஆரின் தொடக்கப் பகுதியைக் கடந்து போனால் அடக்கம் நடக்கிறது, அதற்கு முன்பே நின்றால் நடப்பதில்லை. அங்கே வேலை செய்வது எழுதும் செயல்தான். எழுதி முடித்த ஆர்என்ஏ தேவைப்படவில்லை. ஆனால் நஞ்சுக்கொடியில் இதே ஏர்ன், இன்னொரு மரபணுவின் அருகே நின்று அடக்கும் நொதியை ஆர்என்ஏவாகவே இழுத்துவருகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது.

ஆகவே புதிய ஆர்என்ஏ ஒன்றைக் கையிலெடுப்பவர் ஒரே கத்தியை நம்ப முடியாது. மரபணுவை வெட்டியெடுத்தால், அந்த டிஎன்ஏவில் இருந்த வேறு கட்டுப்பாட்டுப் பகுதியும் சேர்ந்து போய்விடலாம். நிறுத்தக் குறியைச் செருகினால் ஆர்என்ஏவும் போகிறது, எழுதும் செயலும் நிற்கிறது. எழுதிய ஆர்என்ஏவை மட்டும் சிதைத்துப் பார்க்கலாம். அதற்கான முறைகள் பலவும் உட்கருவுக்கு வெளியேதான் நன்றாக எடுபடும். மூன்று வழிகளிலும் செய்து ஒப்பிட்ட பிறகே எது காரணம் என்று சொல்ல வாய் வருகிறது.

எக்ஸிஸ்ட்டில் ஆர்என்ஏவே உழைக்கிறது என்று இப்படி உறுதியானதால்தான் ஜீன் லாரன்ஸின் குழு 2013இல் அதை வேறு வீட்டில் குடியேற்றத் துணிந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ளவரின் ஸ்டெம் செல்லில் மூன்று 21ஆம் குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் அந்த மரபணுவைப் பொருத்தி, டாக்சிசைக்ளின் கொடுத்தால் மட்டும் அது விழிக்கும்படி அமைத்தார்கள். மருந்து கொடுத்த செல்களில் அந்தக் குரோமோசோம் அடங்கியது. செல்கள் பெருகுவதிலும் நரம்புத் திசு உருவாவதிலும் இருந்த குறை சரியானது. ஒரே மூலத்திலிருந்து வந்த செல்கள் என்பதால், மருந்து கொடுத்ததையும் கொடுக்காததையும் அருகருகே வைத்து, வேறுபாட்டுக்கு அந்த ஓர் ஆர்என்ஏவையே காரணம் காட்ட அவர்களால் முடிந்தது.