பேரு பெத்த பேரு!

வேலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்; மிஞ்சியவர்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். வந்த காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்த தடவை வரும்போது, சென்னைச் சாலையில் கிழக்கே சிறிது தூரம் வந்து, எங்கள் சத்துவாச்சாரியில் இறங்கிப் பாருங்களேன். கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் மொட்டைப் பாறைக் குன்றுகள், மறுபக்கம் பாலாறு. பாலாறு என்றதும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கே மணல்தான்.

"நீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில்" என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். இவற்றில் கடைசிக் குறை 1981-ல் தீர்ந்தது. ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் தம் ஆலயத்துக்கே திரும்பினார். அதுவரை அவரை வைத்துக் காப்பாற்றியது எந்த ஊர் என்கிறீர்கள்? எங்கள் சத்துவாச்சாரிதான்! இந்தப் பெருமையை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை நான்.

ஆனால், இன்று உங்களை நான் அழைத்துப் போவது கோயிலுக்கு அல்ல. எங்கள் தெருவின் மொட்டை மாடிகளுக்கு. மார்கழி, தை மாதங்களில் வந்தீர்களானால் வீட்டுக்கு வீடு தொட்டிகளில் ரோஜா பூத்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டுத் தொங்கும். அந்தச் சீட்டுகளில் உள்ள பெயர்கள் இருக்கின்றனவே, அவை ஒரு தனிக் கதை!

முதலில் டீச்சர் அம்மாள் வீட்டு மாடிக்கு ஏறுவோம். அவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. ஒரு பூவைக் காட்டினால் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டார்.

"இதன் பெயர் 'குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்'. செடி விற்றவன் வாயில் இது 'குருசாமி' ஆகிவிட்டது!" என்று சிரிப்பார்.

கருஞ்சிவப்புப் பூ, நல்ல வாசனை, எங்கள் வெயிலையும் தாங்கும். 1897-ல் வெளிவந்த இந்த ரோஜாவின் பெயருக்கு, 'டெப்லிட்ஸ் நகருக்கு வணக்கம்' என்று அர்த்தமாம். அந்த நகரம் இப்போது செக் நாட்டில் இருக்கிறது. எங்கோ ஒரு வெந்நீர் ஊற்று நகருக்குச் சொன்ன வணக்கம் சத்துவாச்சாரி மாடியில் வந்து குருசாமியாக நிற்கிறது!

ஜெர்மானியர் 1901-ல் ஒரு வெள்ளை ரோஜாவுக்கு 'ஃபிராவ் கார்ல் துருஷ்கி' என்று பெயர் வைத்தார்கள். அதாவது, 'திருமதி கார்ல் துருஷ்கி'. அந்த அம்மாளின் கணவர் ரோஜா சங்கத் தலைவர். பூ உலகமெங்கும் பரவியது. பிறகு முதல் மகாயுத்தம் வந்தது. ஜெர்மன் பெயரைச் சொல்லி விற்க முடியுமா? ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதையே 'பனி ராணி' என்று மாற்றி விற்றார்கள். பாவம், அந்த அம்மாள் யாரோடு சண்டை போட்டாள்!

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பழைய இளஞ்சிவப்பு ரோஜாவுக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் குழந்தைகளும் படிக்கிற பத்திரிகை அல்லவா? இங்கிலாந்துக்காரர்களே கூச்சப்பட்டு அதைக் 'கன்னியின் நாணம்' என்று திருத்திக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எதிர் வீட்டுப் பெண்ணின் அனுபவம் வேறு. அவள் தபாலில் 'நீல ரோஜா விதை' வரவழைத்தாள். வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றியதில் ஏதோ கீரை முளைத்தது! ரோஜாவில் நல்ல நீலம் கிடையாது. அதற்கு வேண்டிய நிறப்பொருள் அந்தச் செடியிலேயே இல்லை. 'ப்ளூ மூன்' என்று பெயர் பெற்றதும் வெளிறிய கத்தரிப்பூ நிறந்தான். ஜப்பானில் மரபணுவை மாற்றி உண்டாக்கி 2009-ல் விற்பனைக்கு விட்ட ரோஜாவும் ஊதாவாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் பெற்ற ரோஜா எதுவும் விதையிலிருந்து அப்படியே வராது. ஒட்டுக் கட்டியோ, பதியன் போட்டோதான் அதைப் பெருக்க வேண்டும். விதைக்குப் பணம் அனுப்பாதீர்கள்!

எல்லாப் பெயர்களும் இப்படிக் கோணலாகப் போய்விடுவதில்லை. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் ரோஜாக்களைக் கலந்து புது இனங்களை உண்டாக்கி வந்தார்கள். அவற்றுள் மஞ்சள் நிறப் பூ ஒன்றுக்கு இ.கே. ஜானகி அம்மாள் பெயரைச் சூட்டினார்கள். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தாரே, அந்தத் தாவர விஞ்ஞானிதான். மஞ்சள் புடவை விரும்பிக் கட்டிய அம்மையாருக்கு மஞ்சள் ரோஜா! பெயர் என்றால் அப்படிப் பொருந்த வேண்டும்.

நிற்க. பெயர் எதுவானாலும் ஊற்றுவதற்குத் தண்ணீர் வேண்டாமா? 'பேரு பெத்த பேரு, தாக நீலு லேது' என்று நம் பக்கத்தில் தெலுங்கிலேயே சொல்வதுண்டு. எங்கள் தெருவின் கஷ்டத்தை அறிந்தே சொன்னாற்போல் இருக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்பு நீர். ரோஜாவுக்கு உப்பு ஆகாது. முதலில் இலை ஓரம் தீய்ந்தாற்போலக் கருகும்; பிறகு நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகை நீரைக் கெடுத்ததை எதிர்த்து வழக்கே நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி மழை நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ரோஜாவுக்கு ஊற்றுகிறாள். மாதம் ஒரு முறை அந்த நீரைத் தொட்டி வழிந்து ஓடும்படி விட்டால், தேங்கிய உப்புக் கரைந்து போய்விடும் என்பது அவள் கண்ட உண்மை. எல்லோரும் சொல்கிறார்களே என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த எங்கள் தண்ணீரோடு அதுவும் வேறு எதற்கு?

இந்தத் தண்ணீரால்தான் எனக்கும் அடுத்த வீட்டு அக்காவுக்கும் பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் பொது மோட்டார். "மனுஷருக்குக் குளிக்கத் தண்ணி இல்லை, பூவுக்கு ஊத்தறீங்களா?" என்று அவர் கேட்க, "மோட்டாருக்கு நானுந்தானே பணம் கட்டறேன்?" என்று நான் சொல்ல, அவ்வளவுதான். மூன்று மாதம் முகம் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் என் மாடியில் பூத்திருந்தது 'பீஸ்' என்ற ரோஜா. பீஸ் என்றால் சமாதானம்! மஞ்சள் இதழ், ஓரத்தில் ரோஸ் சாயம். ஐரோப்பாவில் இரண்டாவது யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 29-ல், அமெரிக்காவில் அதற்கு அந்தப் பெயர் சூட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க வந்த பிரதிநிதிகளுக்கு ஆளுக்கொரு பூவாக அனுப்பியும் வைத்தார்களாம். உலகத்தையே சமாதானப்படுத்த வந்த பூ, இரண்டு மாடிகளுக்கு நடுவே இருந்த அரையடிச் சுவரைத் தாண்டி ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வெயிலில் இரண்டே நாளில் வெளிறி உதிர்ந்தும் போயிற்று.

அதே தை மாதத்தில் நான் இன்னொரு ஒட்டுச் செடி வாங்கியிருந்தேன். 'பாப்பா மெய்யான்' என்று பெயர். கறுப்போ என்று தோன்றும் வெல்வெட் சிவப்பு. அறையையே நிறைக்கும் மணம். பிரான்சில் மெய்யான் குடும்பத்தார் 1963-ல் வெளியிட்டது. அவர்கள் பாஷையில் பாப்பா என்றால் அப்பா. பூவுக்குப் பெயர் கொடுத்தவரோ அதை உண்டாக்கியவரின் தாத்தா! நம் வீட்டில் அது தெரியுமா? எல்லோருக்கும் அது 'பாப்பா' ஆகிவிட்டது. "பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" "பாப்பாவை வெயிலிலிருந்து நகர்த்து" என்று ஒரே கொஞ்சல்.

சித்திரை பிறந்தது. வேலூர்ச் சித்திரையைப் பற்றி விவரிக்க வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த குன்று இரவெல்லாம் அனல் வீசும். பாப்பாவின் இலைக்கடியில் சிவப்புச் சிலந்திப் பேன் பிடித்தது. தண்ணீரை இலைக்கு அடியிலிருந்து பீச்சி அடித்துப் பார்த்தேன். தண்டு மேலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் காலை, மாடியில் நின்றபடி என் தங்கையுடன் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தேன். துக்கம் தாளாமல், "பாப்பா போயிடுச்சுடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் படியில் தடதடவென்று சத்தம். அடுத்த வீட்டு அக்கா! காலில் செருப்பில்லை, கையில் அரைத்த மாவு வழிகிறது.

"ஐயோ, எந்தப் பாப்பாம்மா? தங்கச்சி குழந்தையா?" என்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. தொட்டியைக் காட்டினேன்.

அக்கா தொட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா, அழுவதா, திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றையும் செய்தார். "செடிக்கு வைக்கிற பேரா இது?" என்று கடைசியில் கேட்டார். அன்று மத்தியானம் அவர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது.

காய்ந்த செடியைப் பிடுங்க மனம் வராமல் விட்டு வைத்தேன். ஆடியில் இரண்டு மழை பெய்ததும் அடித்தண்டிலிருந்து பளபளவென்று துளிர்த்தது. 'பாப்பா பிழைத்துவிட்டது' என்று குதித்தேன். டீச்சர் அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டுக்குக் கீழே அல்லவா துளிர்த்திருக்கிறது? இது உன் பாப்பா இல்லை, அதைச் சுமந்த வேர்ச்செடி. எட்வர்டு ரோஜா" என்றார்.

எட்வர்டு ரோஜாவை நீங்கள் தலையில் வைத்திருப்பீர்கள். பூக்கடையில் உதிரியாகக் கிடைக்கும் இளஞ்சிவப்புப் பூ. அந்தப் பெயர் இங்கிலாந்து ராஜாவுடையது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை! மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. அக்காலத்தில் அதற்குப் பூர்போன் என்று பெயர். நம் தமிழ் ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தீவுதான். 1817 வாக்கில், அங்கே வேலியாக நட்டிருந்த இரண்டு ரோஜாக்கள் தாமாகக் கலந்து பிறந்தது இது. ஒன்று சீன ரோஜா. இன்னொன்று நம் பன்னீர் ரோஜாவின் இனம். எதுவார் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வந்தது என்பார்கள். எதுவார் நம் வாயில் எட்வர்டு ஆனார்.

"வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒட்டுச்செடி வாங்கு" என்றார் டீச்சர் அம்மாள். விஷயம் தெரிந்தவர் சொல்வது சரிதான். விட்டால் வேர்ச்செடி ஒட்டை வளரவிடாது. ஆனால், இங்கேதான் ஒட்டே இல்லையே! உப்பு நீரோ, சித்திரை வெயிலோ அதை அசைக்கவும் இல்லை. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அதற்குள் அக்கா தம் பக்கத்துச் சுவரோரம் நின்றுகொண்டு, "பாப்பா மொட்டு விட்டிருக்கு பாத்தியா?" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் நாலைந்து பூ அவர் வீட்டுச் சுவாமி படத்துக்குப் போகிறது. சீட்டை நான் மாற்றவில்லை.