சிங்கத் தட்டு வந்த வழி

சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே போகும் சாலையில் பீடோங் பட்டணத்தை அடைந்து, மேற்கே திரும்பினால் மெர்போக் சாலை. இரு மருங்கிலும் ரப்பரும் செம்பனையும். வலப்புறத்தில் முகில் போர்த்திய ஜெராய் மலை. சுங்கை பத்து, செமெலிங் ஆகிய ஊர்களைக் கடந்தால் மெர்போக் வரும். அங்கிருந்து மலையடிவாரம் நோக்கிச் சற்றே ஏறினால் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த இடத்தில்தான், நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த பழைய நாட்டின் எச்சங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

சென்ற பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனது ஒரு தட்டுக்காக.

எங்கள் தோட்டத்தில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். லயத்து வீட்டைக் காலி செய்து, மகனோடு பட்டணத்துக்குக் குடிபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் படையலுக்கு மட்டும் எடுக்கும் தட்டு ஒன்று உண்டு. மாமியார், அவருடைய தாயார் என்று வழிவழியாக வந்தது. வெள்ளைத் தட்டு, நடுவில் நீலமும் சிவப்புமாகப் பூக்கள். அடியில் சிங்கம் ஒன்று படுத்திருக்கிறது. ஆனால் அதற்கு மனித முகம். அதனால் வீட்டில் அதற்குச் ‘சிங்கத் தட்டு’ என்றே பெயர்.

பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஐம்பது வெள்ளி தருவதாகச் சொன்னாராம். மூத்த மகனுக்கோ, இது கடாரத்து ராஜா காலத்துத் தட்டு, ஆயிரக்கணக்கில் விலை போகும் என்ற எண்ணம். இளைய மகள் எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது என்கிறாள். அண்ணனும் தங்கையும் முகங்கொடுத்துப் பேசாத நிலை. “வாத்தியாரே, இது யாரு செஞ்சது, எந்த ஊருன்னு நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்க. புள்ளைங்க சண்டை தீரட்டும்” என்று அந்த அம்மா தட்டைக் கைலித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

மெர்போக் அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஏராளமான பீங்கான் ஓடுகள் இருக்கின்றன. குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கில் அகழ்வாய்வு செய்தார். பிற்பாடு வந்தவர்களும் தோண்டினர். பெங்காலான் பூஜாங் என்ற பழைய துறைமுகத்தில், 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான சீனப் பீங்கான்கள் கிடைத்தன. சாம்பல் நிற உடல். அதன்மேல் கெட்டியான பச்சை மெருகு. சீனாவின் லுங்சுவான் சூளைகளில் சுட்டவை அவற்றில் உண்டு. இதே வகை ஓடுகள் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் கிடைத்திருக்கின்றன. நாம் சொல்லும் ‘பீங்கான்’, மலாய்க்காரர் சொல்லும் ‘பிங்கான்’ இரண்டும் ஒரே சொல்தான். பாரசீக மொழியிலிருந்து வந்தது என்பர். சரக்கோடு சொல்லும் கப்பலேறியிருக்கிறது!

அந்தப் பச்சை ஓடுகளையும் கையிலிருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இது அந்த இனமில்லை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் எந்த இனம்?

தட்டின் முகத்தைப் பார்த்தால் அழகு தெரியும்; முதுகைப் பார்த்தால்தான் பிறப்புத் தெரியும். முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் நிழலாகத் தெரிந்தால் உயர்வகைப் பீங்கான். தெரியாவிட்டால், பெரும்பாலும் வெள்ளைக் களிமண்ணைச் சுட்டு மெருகிட்ட சாதாரண வகை. விளிம்பில் உடைந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், இந்த இரண்டாம் வகை உறிஞ்சிக்கொள்ளும். சிங்கத் தட்டு உறிஞ்சிக்கொண்டது.

அடுத்தது முத்திரை. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கியபோது, சிங்கத்தின் கீழே மங்கிய எழுத்துகள் புலப்பட்டன: பெட்ருஸ் ரெகூட் அண்டு கோ, மாஸ்ட்ரிக்ட். சிங்கமும் சிங்கமல்ல, எகிப்து நாட்டின் ஸ்பிங்ஸ்.

மாஸ்ட்ரிக்ட், ஹாலந்து நாட்டின் தென்கோடியில் மாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். பெட்ருஸ் ரெகூட் (1801–1878) என்ற முதலாளி முதலில் கண்ணாடிச் சாமான் தொழில் நடத்தி, 1836ஆம் ஆண்டில் பீங்கான் ஆலை தொடங்கினார். ஆங்கிலேயத் தொழிலாளரை வரவழைத்து, ஆங்கில முறையில் தட்டுகள் செய்தார். ஸ்பிங்ஸ் முத்திரை 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே சிங்கத் தட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 1899இல் ஆலையின் பெயரே ‘ஸ்பிங்ஸ்’ என்று மாறியது. 1969ஆம் ஆண்டோடு அங்கே சாப்பாட்டுத் தட்டுகள் செய்வது நின்றது.

இந்த ஆலை கீழை நாடுகளுக்கென்றே மலிவான தட்டுகள் செய்து அனுப்பியது. பஞ்சுத் துண்டில் பூ வடிவம் வெட்டி, சாயத்தில் தோய்த்து, தட்டின்மேல் ஒற்றி எடுப்பார்கள். சிங்கத் தட்டின் பூக்கள் ஒன்றுபோல் இருப்பதற்கும், ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதற்கும் அதுவே காரணம். கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய 1900களில் இத்தகைய சரக்கு பினாங்குத் துறைமுகம் வழியாக வந்து, பட்டணத்துச் சீனர் கடையில் விற்றிருக்கலாம்.

இனி, இதைச் செய்தவர்கள் யார் என்று பார்ப்போம். முதலாளியின் பெயர் தட்டில் இருக்கிறது. பூவை ஒற்றிய கையின் பெயர் இல்லை. அந்த நகரத்து ஆலைகளில் ஆண், பெண், சிறு பிள்ளைகள் எல்லோரும் உழைத்தார்கள். கண்ணாடிச் சூளையில் சிறுவர்கள் இரவு வேலையும் செய்தார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாதென்று 1874இல் ஹாலந்தில் சட்டம் வந்தது. 1887இல் பாராளுமன்றக் குழு விசாரித்தபோது, மாஸ்ட்ரிக்ட் தொழிலாளர்கள் நேரில் வந்து தங்கள் பாட்டைச் சொன்னார்கள். அதன் பயனாக 1889ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களுக்கும் 16 வயதுக்குட்பட்டோருக்கும் நாளொன்றுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, இரவு வேலையும் கூடாது என்று விதித்தது. கங்காணி முறையில் நம்மவர்கள் கப்பலேறி வந்து காடழித்ததும் ஏறக்குறைய இதே காலம்.

நான் கண்டதை அந்தக் குடும்பத்தாரிடம் சொன்னேன். கடாரத்து ராஜாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏராளமாகச் செய்த தட்டு, ஆயிரக்கணக்கில் விலை போகாது என்றேன். மகனின் முகம் வாடியது உண்மை. ஆனால் அந்த அம்மா, “அப்போ இதுவும் நம்மள மாதிரி கூலிக்காரங்க செஞ்சதுதானா?” என்று கேட்டுவிட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். சற்றுநேரம் கழித்து மகன், “தங்கச்சி வீட்டுலயே இருக்கட்டும், சார். பொங்கலுக்கு அங்க போய்ப் படைச்சுக்குறோம்” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தட்டு இருக்கலாம். அதன் அடியைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெல் கம்பெனி, நம் வட்டாரத்துக்கென்று ‘புவா நானாஸ்’, அதாவது அன்னாசிப்பழம், என மலாய்ப் பெயரே இட்டுத் தட்டுகள் அனுப்பியது. ஜப்பான் சரக்கில் ‘நிப்பான்’ என்ற சொல் இருந்தால், பெரும்பாலும் 1921க்கு முந்தியது. சீன அரசர் பெயர் பொறித்திருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய அரசர் பெயரைப் பிற்காலத்திலும் இட்டார்கள்.

பழைய மெருகில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டாம். சோப்புத் தூளிட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

இன்னது என்று தெரியாத பொருள் எளிதில் குப்பைக்குப் போய்விடும். 2013ஆம் ஆண்டில் இதே பூஜாங் பள்ளத்தாக்கில், 11ஆம் எண்ணிட்ட பழைய கோயில் தளம் ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிபட்டது. நம் வீட்டுப் பொருளையாவது நாம் காப்போம். தட்டு யார் கொண்டுவந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்த நாளில் எடுப்பார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதித் தட்டோடு வையுங்கள். செய்தவர் பெயரை முத்திரை சொல்லும். வைத்திருந்தவர் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.